எட்டு ஓடத் தெரிந்தது, ரோட்டு ஓடத் தெரியவில்லை

மோட்டார் சைக்கிள் பழகப் போனது மொத்தம் 76,000 ரூபா. லேணர்ஸுக்கு, அதாவது ஓடப் பழக்குகிற இடத்துக்கு, கட்டினது 30,000. லைசன்ஸுக்கு ஓடிக் காட்டுகிற ட்ரயலில் இரண்டு தரம் தவறி, திரும்பத் திரும்பப் போய்வந்ததில் 12,000. லைசன்ஸ் கைக்கு வந்து ஒன்பதாம் நாள் விழுந்து, பிறேக் லீவர், சைட் கண்ணாடி, கால்மிதி, சிக்னல் லைற் எல்லாம் மாற்றினது 11,500. முழங்கால் ஆறும்வரை பதினைந்து நாள் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டோவில் போய்வந்தது 22,500. போன பத்து மாதம் தனிக்கணக்கு. மோட்டார் சைக்கிள் பழகுகிற ஆக்கள் ஒருதரமாவது விழத்தானே செய்வினம் என்று நீங்கள் சொல்லலாம். விழுந்தது எனக்கு வெட்கமில்லை. நான் உடற்கல்வி ஆசிரியை. ஒரு இயக்கத் திறனைப் பழக்கும்போது பயிற்சியை எப்படி அடுக்க வேண்டும் என்று கல்வியியற் கல்லூரியில் படித்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் எடுத்தவள். எப்படிப் பழகக்கூடாது என்று அந்தப் பாடத்தில் இருந்ததோ, அப்படியே பத்து மாதம் காசு கட்டிப் பழகினேன். வெட்கம் அதில்தான். வீட்டில் மோட்டார் சைக்கிள் ஓடத் தெரிந்த ஆள் ஒருவரும் இல்லை. முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் பாதிக் காசாவது மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

பழகினது இப்படி. பின்னேரம் நாலரைக்கு, கிளிநொச்சிப் பக்கம் தர்மபுரத்துக்குக் கிட்ட ஒரு மைதானம். இறுகின தரை, சமமான தரை. நடுவில் சுண்ணாம்புத் தூளால் எட்டு கீறியிருக்கும். ஒரே மோட்டார் சைக்கிள். ஒரே இடத்தில் தொடங்கி, இடப்பக்க வட்டத்தால் போய், வலப்பக்க வட்டத்தால் திரும்பி வர வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது எட்டு. பழக்கின தம்பி நல்ல பொறுமைசாலி. பக்கத்தில் நடந்துகொண்டே "டீச்சர், கிளச்சைக் கொஞ்சம் விடுங்கோ... காணும்... ரேஸ் வேண்டாம்... நிமிந்து பாருங்கோ" என்று சொல்லிக்கொண்டே வருவார். நாலாம் நாள் கால் ஊன்றாமல் ஒரு எட்டு முடித்தேன். எட்டாம் நாள் முப்பதில் இருபத்தேழு சுத்தமாக வந்தது. அண்டைக்கு இரவு நித்திரையே வரவில்லை, அவ்வளவு சந்தோசம். அந்தச் சந்தோசம்தான் என்னை ஏமாற்றினது என்பது விளங்க ஆறு மாதம் எடுத்தது.

எட்டு என்பது வேகத்தைக் காட்டுகிற வேலையில்லை, வேகத்தை அடக்குகிற வேலை. முதல் கியரில், கிளச்சை முழுக்க விடாமல் பாதியில் பிடித்து, ரேஸை, அதாவது அக்சிலேற்றரை, கூட்டிக் குறைக்காமல் ஒரே அளவில் வைத்து, வலது காலால் பின் பிறேக்கை மெல்லத் தொட்டபடி ஊர வேண்டும். கண் முன் ரயரில் இருக்கக்கூடாது, வட்டத்தின் மற்றப் பக்கத்தில் இருக்க வேண்டும். ஹாண்டில் திரும்பியிருக்கிற நேரத்தில் முன் பிறேக்கைப் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமே சாயும், கால் ஊன்றாமல் தப்ப முடியாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். ஆனால் என் கை பழகினது "பாதிக் கிளச்" என்பதை அல்ல. அந்த ஒரு வண்டியில் லீவரைக் கடைசி ஒரு விரல் அகலத்துக்கு விட்டால்தான் எஞ்சின் இழுக்கத் தொடங்கும். என் விரல்கள் பழகினது அந்த ஒரு விரல் அகலத்தை. கண்ணும் அப்படித்தான். மைதானத்தின் தெற்குப் பக்கத்துக் கோல் கம்பம் என் வலது சைட் கண்ணாடிக்கு நேரே வரும்போது திரும்பிப் பழகியிருந்தேன். நான் அப்படிச் செய்கிறேன் என்பது எனக்கே தெரியாது.

முதல் ட்ரயலுக்குப் போன அன்று நான் ஓடிப் பழகின வண்டி வேறொருவரிடம் நின்றது. "இதுவும் அதே மொடல்தான், பயப்பிடாதேங்கோ" என்று இன்னொன்றைத் தந்தார்கள். மொடல் அதே, கிளச் வேறு. கேபிள் தளர்வாக இருந்ததால் லீவரைக் கொஞ்சம் தளர்த்தின உடனேயே இழுத்தது. தரையும் ஒரு பக்கம் சரிவு, பொடிக்கல். முதல் வட்டத்துக்குள் நுழையவே வண்டி துள்ளி, கால் ஊன்றிவிட்டேன். இரண்டாம் தரம் பழகின வண்டியையே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். அந்த முறை எட்டை வலப்பக்கத்தால் தொடங்கச் சொன்னார்கள். நான் அப்படி ஒருதரம்கூட ஓடினதில்லை. திரும்ப வேண்டிய இடத்தில் கோல் கம்பத்தைத் தேடியிருக்கிறேன் போல, கண் எங்கேயோ போய் எஞ்சின் நின்றுவிட்டது. மூன்றாம் தரம் என்ன செய்தேன் தெரியுமா? ட்ரயல் நடக்கிற இடத்தைப் போலவே சரிவான ஒரு காணியைத் தேடி, பழகின வண்டியை வாடகைக்கு எடுத்து, இரண்டு பக்கத்தாலும் தொடங்கி, மூன்று நாளில் இருநூறுக்கு மேல் எட்டு ஓடினேன். சித்தி. முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ட்ரயலுக்குப் போகிற ஆக்களுக்கு இந்த இடத்திலேயே சிலது சொல்லிவிடுகிறேன். ட்ரயலுக்கு முன் குறைந்தது மூன்று வண்டியிலாவது எட்டு ஓடிப் பாருங்கள். அண்ணையின் வண்டி, பக்கத்து வீட்டு வண்டி, எதுவானாலும் சரி. புது வண்டியில் ஏறினவுடன் ஓட வேண்டாம். முதல் கியர் போட்டு, ரேஸ் கொடுக்காமல், கிளச் லீவரை மெல்ல மெல்ல விட்டு, எஞ்சினின் சத்தம் கனக்கிற இடத்தைக் கண்டுபிடியுங்கள். அதுதான் பிடிக்கிற இடம். திரும்ப அமத்தி, மூன்று தரம் அந்த இடத்துக்கு வந்து போங்கள். அரை நிமிடம்கூட எடுக்காது. எட்டை இரண்டு பக்கத்தாலும் தொடங்கிப் பழகுங்கள். சுண்ணாம்புக் கோட்டை இரண்டு நாளைக்கு ஒருதரம் அழித்து, மைதானத்தின் வேறு மூலையில், வேறு திசை பார்த்துக் கீறுங்கள். கோல் கம்பம், மரம், மதில் எல்லாம் இடம் மாறினால்தான் கண் வட்டத்தைப் பார்க்கப் பழகும். கடைசிக் கிழமை பக்கத்தில் ஒருவரும் கதைக்கக்கூடாது. "கிளச், கிளச்" என்று ஒருவர் சொல்லிக்கொண்டு வரும்வரை உங்கள் காதுதான் வண்டி ஓடுகிறது, கை இல்லை. ட்ரயலில் அந்தக் குரல் வராது.

இனி விழுந்த கதை. பள்ளிக்கூடத்துக்கு விசுவமடுப் பக்கம் முல்லைத்தீவு ரோட்டால் கொஞ்சத் தூரம் தார், பிறகு உள்ளே செம்மண் கிறவல். கிறவல் ரோட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், வாகனம் போய்ப்போய் இரண்டு தடம் இறுகியிருக்கும், தடத்துக்கு நடுவிலும் கரையிலும் கல் குவிந்திருக்கும். ஒன்பதாம் நாள் காலை, முப்பதுக்குக் கிட்டத்தட்ட வேகம். பத்தைக்குள்ளால் ஒரு கன்று பாய்ந்தது. நான் விலகத் திரும்பினேன், அதே நேரம் நாலு விரலாலும் முன் பிறேக்கை இறுக்கினேன். மைதானத்தில் நிறுத்தச் சொன்னால் அப்படித்தானே பிடிப்பேன். இறுகின தரையில், நேராக நிற்கிற வண்டியில், அது வேலை செய்தது. கிறவலில், சாய்ந்த வண்டியில், முன் ரயர் உருளாமல் நின்று, உருட்டுக் கல்லின் மேல் ஏறி, இடப்பக்கம் வழுக்கினது. திரும்புவதற்கும் நிறுத்துவதற்கும் முன் ரயருக்கு இருக்கிற பிடிப்பு ஒன்றுதான். கிறவலில் அந்தப் பிடிப்பு முதலே கொஞ்சம். இரண்டு வேலையையும் ஒன்றாகக் கேட்டால் இரண்டையும் செய்யாது. விழுந்தது ஒரு செக்கனுக்குள். கன்று நின்று என்னைப் பார்த்துவிட்டுப் போனது.

முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்த நாட்களில் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். பயிற்சி ஒழுங்கு என்ற அதிகாரம், பதினொரு பக்கம், என் கையெழுத்து. இயக்கத் திறன் கற்றலை ஆராய்ந்த ரிச்சர்ட் ஷ்மிட் 1975இல் சொன்ன கருத்து முதல் பக்கத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு அசைவையும் தனித்தனிப் படமாக மூளை சேமித்து வைப்பதில்லை. எவ்வளவு விசை கொடுத்தேன், என்ன நிலைமை, என்ன பலன் வந்தது, இவற்றுக்கு இடையிலான விதியைத்தான் பிடித்துக்கொள்கிறது. ஒரே நிலைமை, ஒரே விசை, ஒரே பலன் என்றால் விதி பிடிக்க என்ன இருக்கிறது? ஒரு புள்ளியை வைத்துக் கோடு கீற ஏலாது. 1978இல் கெர், பூத் என்ற இருவர் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கொண்டு செய்த சோதனையும் அதே பக்கத்தில். சின்னப் பையை இலக்குக்கு எறிய வேண்டும், எறியும்போது இலக்கு கண்ணுக்குத் தெரியாது. ஒரு கூட்டம் எப்போதும் 3 அடித் தூரத்துக்கு எறிந்து பழகினது. மற்றக் கூட்டம் 2 அடிக்கும் 4 அடிக்கும் மட்டும் எறிந்தது, 3 அடிக்கு ஒருதரமும் இல்லை. பயிற்சி முடிந்த பிறகு எல்லாருக்கும் 3 அடியில் சோதனை வைத்தார்கள். அந்தத் தூரத்தில் ஒருநாளும் பழகாத பிள்ளைகள்தான் கிட்டப் போட்டார்கள். இதைப் பரீட்சையில் அழகாக எழுதினேன். ஒரு விரல் அகலக் கிளச்சோடு ட்ரயலுக்குப் போனபோது ஏன் ஞாபகம் வரவில்லை என்றுதான் இன்றைக்கும் விளங்கவில்லை.

இன்னொரு பக்கத்தில் 1979இன் ஷே, மோர்கன் சோதனை. கையில் ரெனிஸ் பந்தோடு, சின்ன மரத் தடுப்புகளை மூன்று வேறு ஒழுங்குகளில் வேகமாகத் தட்டி விழுத்த வேண்டும். ஒவ்வொன்றும் பதினெட்டுத் தரம், மொத்தம் ஐம்பத்து நாலு. ஒரு கூட்டம் முதலாம் ஒழுங்கை முடித்து இரண்டாவது, பிறகு மூன்றாவது. மற்றக் கூட்டத்துக்கு மூன்றும் கலந்து கலந்து வந்தது. பழகுகிற நேரத்தில் வரிசையாகச் செய்தவர்கள் வேகம், கலந்து செய்தவர்கள் தடுமாறினார்கள். பத்து நாள் கழித்துப் பார்த்தபோது கலந்து செய்தவர்கள் முன்னுக்கு. வரிசையாகப் பழகினவர்களுக்குக் கலந்து சோதனை வைத்தபோது மோசமாக விழுந்தார்கள். என் முப்பது எட்டும் அந்த வரிசைதான். இரண்டாவது எட்டு ஓடும்போது முதலாவது இன்னும் கையில் சூடாக இருக்கும், யோசிக்க ஒன்றும் இருக்காது. நடுவில் வேறு வேலை வந்து, திரும்ப எட்டுக்கு வரும்போதுதான் "கிளச் எவ்வளவு, எங்கே பார்ப்பது" என்று மூளை புதிதாகக் கட்ட வேண்டி வருகிறது. மறந்து மறந்து கட்டுகிற அந்த வேலைதான் பழக்கம்.

இதில் ஆளை விழுத்துகிற இடம், பழகும்போது வருகிற உணர்வு. சைமன், பியோர்க் என்பவர்கள் 2001இல் இதைச் சோதித்தார்கள். வரிசையாகப் பழகினவர்களிடம் நாளைக்கு எப்படிச் செய்வீர்கள் என்று கேட்டால், தாங்கள் பிறகு செய்ததைவிடக் கூடவே நம்பிச் சொன்னார்கள். முப்பதில் இருபத்தேழு வந்த இரவு நித்திரை கொள்ளாத ஆளை இவர்களுக்குத் தெரிந்திருக்கும். அதனால் இப்போது நான் அண்டைக்கு எத்தனை சுத்தமாக வந்தது என்று எண்ணுவதே இல்லை. ஒவ்வொரு வேலையிலும் அந்த நாளின் முதல் முயற்சியை மட்டும் கொப்பியில் குறிக்கிறேன், சரி அல்லது பிழை. முதல் முயற்சிதான் ரோட்டு. கன்று இரண்டாம் தரம் பாயாது.

கால் ஆறின பிறகு ஐந்து கிழமை நானாகவே பழகினேன். காசுச் செலவு பெற்றோல் மட்டும். ஒழுங்கைச் சொல்கிறேன், விரும்பினால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆறு துண்டுக் கடதாசியில் ஆறு வேலை எழுதி, ஒரு மா ரின்னுக்குள் போட்டேன், திருவுளச்சீட்டு மாதிரி. ஒன்று, இடப்பக்கத்தால் எட்டு. இரண்டு, வலப்பக்கத்தால் எட்டு. மூன்று, பத்துக் காலடித் தூரத்தை நேர்கோட்டில் எவ்வளவு மெல்ல ஓட முடியுமோ அவ்வளவு மெல்ல ஓடுவது, கால் ஊன்றாமல் பதினைந்து எண்ணும்வரை. நாலு, இருபது வேகத்தில் வந்து இரண்டு செங்கல்லுக்கு இடையில் நிறுத்துவது. ஐந்து, வாய்க்கால் கட்டுச் சரிவில் நிறுத்திவிட்டுப் பின்னுக்கு உருளாமல் எடுப்பது. ஆறாம் சீட்டில் "மூட்டை" என்று மட்டும் எழுதியிருக்கும். அது வந்தால் 25 கிலோ அரிசி மூட்டையைப் பின் இருக்கையில் ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டி, அடுத்து வருகிற மூன்று சீட்டையும் மூட்டையோடு செய்ய வேண்டும். பின்னுக்குப் பாரம் ஏறினால் ஹாண்டில் இலேசாகிவிடும், நிற்கிற தூரம் கூடும். ஆளை ஏற்றித்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. ஒரு சீட்டு எடுத்து, ஒருதரம் செய்து, திரும்பப் போட்டுக் கலக்கி, அடுத்தது. நாற்பது நிமிடத்தில் இருபதிலிருந்து இருபத்து நாலு சீட்டு வரும். ஒரே சீட்டு இரண்டு தரம் தொடர்ந்து வந்தால் திரும்பப் போட்டுவிட்டு வேறொன்றை எடுப்பேன். பிழை விட்டாலும் அந்த இடத்திலேயே திருப்பிச் செய்வதில்லை. கை துடிக்கும், "இன்னொருக்கா செய்தால் வரும்" என்று மனம் சொல்லும். விட்டுவிட வேண்டும்.

எட்டுக்கு இப்போது சுண்ணாம்பும் இல்லை. இரண்டு செங்கல்லை வைத்து அதைச் சுற்றி ஓடுவதுதான். செங்கல்லுக்கு இடையே ஒருநாள் ஆறு காலடி வைத்து நடக்கிற தூரம், ஒருநாள் ஐந்து, ஒருநாள் ஏழு. இடத்தையும் மாற்றினேன். ஒருநாள் மைதானம், ஒருநாள் கிறவல் ஒழுங்கை, ஒருநாள் கோயில் வெளிவீதி மணல், ஒருநாள் ஆள் நடமாட்டம் இல்லாத தார் ஒழுங்கை. மழை பெய்து விட்ட பின்னேரம் என்றால் விடாமல் போவேன். செம்மண் கிறவல் நனைந்தால் காய்ந்த கிறவலைவிட வேறு சாமான், சவர்க்காரம் மாதிரி. அறுவடைக் காலத்தில் தார் ரோட்டில் நெல் காயப்போட்டிருப்பார்கள், அதன் மேல் ஏறுவது உருளுகிற மணிகளின் மேல் ஏறுவது. அதில் பழகப் போக வேண்டாம், நெல்லுக்காரர் அடிக்க வருவார், நியாயம்தானே. ஆனால் மணலில் பழகின கைக்கு அது புதிதாக இராது. ரேஸை நிலையாக வைத்து, பிறேக் தொடாமல், நேரே போய் இறங்க வேண்டும்.

கிறவலில் பிறேக் பழகுவதை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் விழுந்தது அதில்தான். தலைக்கவசம், நீளக் காற்சட்டை, சப்பாத்து இல்லாமல் தொடங்க வேண்டாம். ரயர் காற்றைப் பார்த்துவிட்டுப் போங்கள். பத்து வேகத்தில், வண்டி நேராக, ஹாண்டில் நேராக. முதலில் பின் பிறேக் மட்டும். பின் ரயர் உருளாமல் இழுபடுகிறவரை மிதித்து, அந்தச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். கல் அரைபடுகிற மாதிரி ஒரு கரகரப்பு வரும், பின்பக்கம் மெல்ல ஆடும். உடனே காலைத் தளர்த்தினால் திரும்ப நேராகும். அதை ஐந்தாறு தரம் செய்த பிறகு, முன் பிறேக்கை ஒரு விரலால் தொடுங்கள். இழுக்கக்கூடாது, எலுமிச்சம்பழத்தைச் சாறு வராமல் அமத்திப் பார்க்கிற மாதிரி. பிறகு இரண்டு விரல். முன் ரயர் வழுக்கத் தொடங்கினால் ஹாண்டில் திடீரென்று பாரமில்லாமல் போகும், அந்தக் கணமே விட வேண்டும். அடுத்த நாள் பதினைந்து வேகம், அதற்கடுத்தது இருபது. பிறகு அதே வேலை தாரில், அதே நாளிலேயே மாறி மாறி. தாரில் முன் பிறேக்தான் கூட வேலை செய்யும், அங்கே பயந்து பின் பிறேக்கை மட்டும் மிதிக்கிறவர்களும் பின்பக்கம் இழுபட்டுத்தான் விழுகிறார்கள். தார், கிறவல், தார் என்று மாற்றும்போதுதான் "இந்தத் தரைக்கு எத்தனை விரல்" என்ற கேள்வி கையில் பதிகிறது. தனித்தனி நாளில் பழகினால் பதியாது என்று சொல்லவில்லை, மெதுவாகப் பதியும்.

முதல் இரண்டு கிழமை எனக்கு அழுகைதான் வந்தது. லைசன்ஸ் எடுத்த ஆள், கொப்பியில் முதல் முயற்சிகள் பாதிக்கு மேல் பிழை. பார்த்துக்கொண்டு நின்ற பொடியன் ஒருவன், "டீச்சருக்கு முந்தி வடிவா ஓட வந்தது, இப்பதான் குழம்பிப்போச்சு" என்றான். குழப்பம்தான். அந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் கனபேர் இந்த முறையைக் கைவிடுகிறார்கள், பழக்குகிறவர்களும் பழகுகிறவர் முகம் வாடுமே என்று எட்டையே முப்பது தரம் ஓட விடுகிறார்கள். மூன்றாம் கிழமையில் முதல் முயற்சிகள் தெளியத் தொடங்கின. நாலாம் கிழமை பக்கத்து வீட்டு அண்ணையின் வண்டியில், நான் போயிராத ஒரு ஒழுங்கையில், முதல் தரமே எட்டு வந்தது.

நான் விட்ட பிழைகளையும் சொல்ல வேண்டும். முதல் நாளே ஆறு சீட்டு, புது இடம், மூட்டை எல்லாம் ஒன்றாகச் செய்தேன். எது பிழைத்தது என்றே தெரியவில்லை. ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் புதிதாகச் சேர்க்க வேண்டும், இடத்தை மாற்றினால் வண்டியை மாற்றாதே. அடுத்தது, ஒன்றுமே தெரியாத ஆளுக்கு முதல் நாளே திருவுளச்சீட்டு வேண்டாம். கியர் எது, கிளச் எது என்று தேடுகிற கட்டத்தில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதுதான் சரி. எஞ்சின் நிற்காமல் பத்துத் தரம் எடுத்து நிறுத்தத் தெரிந்த பிறகு கலக்கத் தொடங்குங்கள், அதற்கு நாலைந்து நாள் போதும். நான் பழகின இடத்தில் முதல் நாலு நாள் செய்தது பிழையில்லை. அதையே கடைசி நாள் வரைக்கும் இழுத்ததுதான் பிழை. ஆய்வுகூடத்துக்கு வெளியே, சின்னப் பிள்ளைகளிடமும் புதிதாகத் தொடங்குகிறவர்களிடமும் கலந்த பயிற்சியின் பலன் சில ஆய்வுகளில் குறைவாகவே வந்திருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. ஒரே இடத்தில் பழகுவது வீண் என்றும் இல்லை. கூடைப்பந்தில் நீண்டகாலம் ஆடினவர்கள் 15 அடி ப்ரீ த்ரோ கோட்டிலிருந்து எறிந்தால், பக்கத்துத் தூரங்களை வைத்து எதிர்பார்க்கிறதைவிடக் கூடப் போடுகிறார்கள் என்று 2005இல் காட்டியிருக்கிறார்கள். மாறவே மாறாத ஒரு கோடு, ஆயிரமாயிரம் தரம் எறிந்த கை. ஆனால் அந்தக் கோட்டுக்குத்தான் அது. ரோட்டில் எங்கே அப்படி ஒரு கோடு?

கூடைப்பந்தைச் சொன்னதால் வலைப்பந்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு நான் கோல் எறியப் பழக்கினதும் இதே மாதிரித்தான், கம்பத்துக்கு நேர் முன்னால் இரண்டு மீற்றரில் நின்று ஐம்பது. பள்ளிக்கூடத்தில் நாற்பது விழும், வலய மட்டப் போட்டியில் பந்து வளையத்தைத் தொடாது. எறிகிற அரைவட்டத்தின் ஆரை 4.9 மீற்றர், கம்பத்தின் உயரம் 3.05 மீற்றர், பந்து கைக்கு வந்து மூன்று செக்கனுக்குள் எறிய வேண்டும், முன்னால் 0.9 மீற்றரில் ஒரு கை உயர்ந்து நிற்கும். இதில் நேர் முன்னால் இரண்டு மீற்றர் என்பது எத்தனை தரம் கிடைக்கும்? இப்போது வட்டத்துக்குள் எட்டு இடத்தில் பொச்சுமட்டை போட்டிருக்கிறேன். ஒருத்தி பந்து தருவாள், மற்றவள் மட்டையின் இலக்கத்தைக் கூப்பிடுவாள், ஓடிப் போய் ஒரே ஒரு எறி, பிறகு வேறு இலக்கம். ஒவ்வொரு எறிக்கும் "முழங்கையை நேராக்கு" என்று கத்துவதையும் விட்டுவிட்டேன், இரண்டு மூன்று எறிக்கு ஒருக்கால்தான் வாய் திறக்கிறேன். பின்னூட்டம் பாதித் தரம் மட்டும் கிடைத்தவர்கள் பிறகு நன்றாக ஞாபகம் வைத்திருந்தார்கள் என்று வின்ஸ்ரைனும் ஷ்மிட்டும் 1990இல் காட்டினதும் அதே கொப்பியில்தான் கிடந்தது. பிள்ளைகள் முதல் கிழமை முறைத்தார்கள். "ரீச்சர், முந்தி நல்லா விழுந்தது" என்று அதே கதை.

லேணர்ஸுக்குக் காசு கட்ட முன் கேட்க வேண்டியதைக் கேளுங்கள். எத்தனை நாள் என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், நான் அதைத்தான் கேட்டேன். எத்தனை வண்டியில் பழக்குவீர்கள், மைதானத்துக்கு வெளியே ரோட்டில் எத்தனை நாள், கிறவலில் பிறேக் பிடிக்கக் காட்டித் தருவீர்களா, எட்டை இரண்டு பக்கத்தாலும் ஓட விடுவீர்களா, ட்ரயலுக்கு எந்த வண்டி தருவீர்கள். சிரித்துவிட்டு "ஒரு வண்டி காணும் அக்கா, எட்டு வந்தால் எல்லாம் வந்த மாதிரித்தான்" என்றால் அங்கே மைதானத்தையும் முதல் நாலு நாளையும் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். மிச்சத்துக்கு ஒரு மா ரின், ஆறு துண்டுக் கடதாசி, இரண்டு செங்கல், ஒரு மூட்டை அரிசி. தனியாகப் போகாதீர்கள். லேணர் பேமிற்றோடு பழகுகிறவர்கள் லைசன்ஸ் உள்ள ஒருவரைக் கூடவே வைத்திருங்கள், எல் பலகையும் கட்டியிருக்க வேண்டும். லைசன்ஸ் எடுத்தவர்களும் மணலிலோ நனைந்த கிறவலிலோ பழகும்போது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் ஒரு ஆளையாவது நிற்கச் சொல்லுங்கள், விழுந்தால் வண்டியைத் தூக்கவாவது ஒரு கை வேண்டும். அன்றைக்குக் கன்றுக்குப் பிறகு அந்த ஒழுங்கையில் என் வண்டியைத் தூக்கிவிட ஒருவர் வர இருபது நிமிடம் ஆனது.